ஒரு நாள் போதும், சொல்ல ஆள் வேண்டும்

காலையில் பஸ்ஸில் ஏற்றி, நாலைந்து இடத்தில் இறக்கி, ஓர் ஆள் முன்னால் நின்று விவரம் சொல்லி, இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விடுகிற சுற்றுலாவைப் பற்றி இப்போது யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. அதெல்லாம் பயணமே இல்லை என்கிறார்கள். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் போக வேண்டுமாம். பத்து நாளாவது தங்கி, கால் போன போக்கில் நடக்க வேண்டுமாம். வழிகாட்டி கூட வந்தால் அவர் கண்ணால்தான் பார்ப்போமாம். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதை எழுதுகிறார்கள், காணொளி போடுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் இதையே சொல்கிறார். எல்லோரும் சொல்வதாலேயே இது உண்மை ஆகிவிடாது. தாமிரபரணிக் கரையைப் பொறுத்தவரை இந்தக் கருத்து முழுத் தவறு. தவறாக இருந்துகொண்டு கெடுதலும் செய்கிறது. இந்தப் பக்கத்து ஊர்களை வெளியாருக்கும் உள்ளூராருக்கும் தெரியாமல் வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நான் எடுத்துக்கொள்வது இரண்டு பழைய தலைநகரங்களுக்கு நடுவே இருக்கிற பாதையை. ஒன்று தென்காசி. மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலத்தில் அவர்களுக்குத் தலைநகரம் அது. பராக்கிரம பாண்டியன் 1446-இல் அங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான், 1457-இல் கோபுர வேலையை ஆரம்பித்தான். இன்னொன்று களக்காடு. மேற்கு மலைக்கு அந்தப் புறத்து வேணாட்டு அரசர்கள் மலை தாண்டி இந்தப் புறம் வந்து தங்கி ஆண்ட ஊர்களில் முக்கியமானது. பூதலவீர உதயமார்த்தாண்டவர்மன் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் மனைவி சோழகுலவல்லியின் பெயரால் அதைச் சோழகுலவல்லிபுரம் என்று மாற்றினான். இரண்டுக்கும் நடுவே, ஆற்றின் தென்கரையில், எங்கள் கல்லிடைக்குறிச்சி. சேரன்மகாதேவியைப் போலவே இதுவும் வேணாட்டு அரசர்கள் வந்து தங்கிய ஊர்.

ஆக, பாண்டியன் வடக்கே, வேணாட்டான் தெற்கே, நடுவில் தண்ணீரும் நெல்லும். சண்டை வராமல் இருக்குமா? திருவடி என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் வேணாட்டரசன் பாண்டியனின் நிலத்தைப் பிடித்துக்கொண்டான். பாண்டியன் விசயநகரத்தில் போய் முறையிட்டான். அச்சுதராயன் படை அனுப்பினான். 1532-இல் இந்தத் தாமிரபரணிக் கரையில் போர் நடந்தது, திருவடி பணிந்தான். தென்காசிப் பாண்டியன் சீவல்லபன் தன் பெயருக்கு முன்னால் ‘இறந்தகாலம் எடுத்த’ என்று ஒரு விருதைச் சேர்த்துக்கொண்டான். தன் குலம் இழந்த பழைய காலத்தை மீட்டவன் என்பது பொருள்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். தலைநகரம் என்றால் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம். தென்காசியையும் களக்காட்டையும் அந்த வரிசையில் வைக்கலாமா என்பார்கள். ஏன் வைக்கக் கூடாது? நைடதத்தையும் வெற்றிவேற்கையையும் எழுதிய அதிவீரராம பாண்டியன் இருந்து ஆண்டது தென்காசியில். பள்ளிக்கூடத்தில் வெற்றிவேற்கை படித்த பிள்ளை, அதை எழுதியவனின் ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியாமலே குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறது. சின்ன ராச்சியத்தின் தலைநகரமும் தலைநகரம்தான். அங்கேதான் கவி பிறந்தது, கோயில் எழுந்தது, படை புறப்பட்டது.

இரண்டாவது ஆட்சேபம், ஒரு நாள் போதாது என்பது. இதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். தென்காசியிலிருந்து கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகக் களக்காடு போய்ச் சேர எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகாது. காலை ஆறு மணிக்குத் தென்காசிக் கோபுர வாசலில் நின்றால், மேற்கே கணவாய் வழியாக வருகிற காற்று ஆளைத் தள்ளும். அங்கிருந்து புறப்பட்டு, வழியில் நின்று நின்று போனாலும் பொழுது சாயக் களக்காடு சத்தியவாகீசர் கோயிலுக்குப் போய்விடலாம். ஐரோப்பாவில் வியன்னாவும் பிராத்திஸ்லாவாவும் பக்கத்துப் பக்கத்துத் தலைநகரங்கள், ஒரே டான்யூப் ஆற்றின் மேல் இருப்பவை. இடையே அறுபது கிலோமீட்டர் சொச்சம். கூட்டம் கூட்டமாகக் காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். 1563 முதல் 1830 வரை அங்கேரி அரசர்களுக்கு முடிசூட்டிய தேவாலயம் பிராத்திஸ்லாவாவில் இருக்கிறது என்பதை அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் போதுகிறது. நமக்கு மட்டும் ஏன் போதாது?

போதாது என்கிறவர்கள், பத்து நாள் தங்கினால் என்ன தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், விவரம் சொல்ல ஆள் இல்லாமல் இந்தப் பக்கத்தில் பத்து நாள் திரிகிறவர் பார்ப்பது பெரும்பாலும் பூட்டிய கதவுகளைத்தான். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில், அதற்கும் பக்கத்தில் திருவாலீசுவரம். திருவாலீசுவரத்தின் விமானச் சிற்பங்கள் சோழர் வேலை. அங்கே சுவரில், அந்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்ற ‘மூன்றுகை மகாசேனை’ என்ற சோழர் படையைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. இம்மாதிரிக் கிராமத்துக் கோயில்களில் குருக்கள் ஒரு வேளைப் பூசையை முடித்துக்கொண்டு அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்விடுவார். வெளியூரிலிருந்து தனியாக வருகிறவர் பதினோரு மணிக்கு வந்து நிற்பார். “சாவி குருக்கள்கிட்டல்லா இருக்கு அண்ணாச்சி, சாயங்காலம் வாங்க” என்று எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பதில் வரும். அவர் மதில்சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். வழிகாட்டி என்பவரின் முதல் வேலை விளக்கம் சொல்வது அல்ல. முந்தின நாள் ராத்திரியே குருக்களுக்குப் போன் செய்து, “சாமி, நாளைக்குப் பத்தரை மணிக்கு முப்பது பேர் வாறோம், நடையைக் கொஞ்சம் சாத்தாம வச்சிருங்க” என்று சொல்லி வைப்பது. இந்த ஒரு போனை எந்த வழிகாட்டிப் புத்தகமும் செய்யாது.

திருப்புடைமருதூரை எடுத்துக்கொள்ளுங்கள். வீரவநல்லூர்ப் பக்கம், கடனாநதி வந்து தாமிரபரணியில் சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். வெளியே நின்று பார்த்தால் இதுவும் ஒரு கோபுரம், அவ்வளவுதான். உள்ளே ஏற விட்டால் கதை வேறு. ஒடுங்கிய படியில் ஒருவர் பின் ஒருவராக, தலையைக் குனிந்துகொண்டு ஏற வேண்டும். வௌவால் வாடை. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் செதுக்கிய மரத்தூண் ஒன்று தெரியும், அதன் பின்னால் சுவர் முழுக்கச் சித்திரம். காவியும் கறுப்பும் வெள்ளையுமாக மனிதர்கள், யானைகள், வரிசை வரிசையாகக் குதிரை வீரர்கள். ஒரு சுவரில் கப்பல், அதில் விற்பனைக்கு வரும் குதிரைகள். தட்டுக்குத் தட்டு இப்படியே போகிறது. புராணக் காட்சிகளுக்கு நடுவே தீட்டியிருக்கிற போர்க்காட்சியை, மேலே சொன்ன தாமிரபரணிப் போர் என்று ஆராய்ச்சியாளர்கள் இனங்காண்கிறார்கள். இரண்டு பக்கத்து அரசுகள் அடித்துக்கொண்டதும், அதில் மூன்றாவது பேரரசு வந்து புகுந்ததும், நடந்த இடத்துக்குச் சில மைல் தூரத்திலேயே சுவரில் இருக்கிறது. இதைவிட நல்ல வரலாற்று வகுப்பு தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்? ஆனால் அனுமதி இல்லாமல் மேலே ஏற முடியாது. ஒரு தடவைக்குச் சில பேரைத்தான் ஏற்றலாம், கூட வருகிறவர் யாரையும் சுவரைத் தொட விடக் கூடாது. மொத்தத்தில் இது ஓர் ஆள் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டிய காரியம். தனியாகத் திரிவதே உயர்ந்த பயணம் என்கிறவர்கள் இந்தக் கோபுரத்தின் அடியில் வந்து நின்று அதைச் சொல்லட்டும்.

வழிகாட்டிகள் பொய் சொல்வார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது. இங்கிருந்து மதுரைக்குச் சுரங்கப்பாதை என்று சொல்லாத கோயில் தென் மாவட்டத்தில் குறைவு. ஆனால் இதற்கு மருந்து வழிகாட்டியை ஒழிப்பதில் இல்லை, படித்தவரை வழிகாட்டியாக்குவதில் இருக்கிறது. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியனின் கல்வெட்டு உண்டு. தொண்டைநாட்டில் பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாசறை போட்டிருந்த நேரத்தில், இந்த ஊர்ச் சிவனுக்கு அவன் 290 காசு கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. முதலில் கை வைக்கக் கூடாது, வட்டியைக் கொண்டு வழிபாடு நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. அம்பைக் கடைத்தெருவில் இன்று வட்டிக் கணக்குப் பார்க்கிற எவருக்கும் இது ஒரு நிமிடத்தில் புரியும். சுரங்கக் கதையைவிடச் சுவையான உண்மை அங்கேயே கல்லில் இருக்கும்போது, அதை எடுத்துச் சொல்லிப் பழகிய ஆள் பொய்க்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

கதையையும் நான் விலக்கச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுகிற கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துப் பிரம்மசாரி ஒருவர் அரசனிடம் தானமாகப் பெற்ற பொன்னைக் கொண்டு அதை வெட்டினார், ஒரு பசுவை முன்னால் போகவிட்டு, அது நடந்த வழியில் வாய்க்காலும், படுத்த இடத்தில் குளமும், கோமியம் விட்ட இடத்தில் மதகும் அமைத்தார் என்பார்கள். மழை தவறினால் சேரன்மகாதேவியில் கால்வாய்க் கரைப் பிள்ளையாருக்கு மிளகு அரைத்துப் பூசுவார்கள், அதனால் அவர் மிளகுப் பிள்ளையார். நல்ல வழிகாட்டி இதைக் கதை என்று சொல்லியே சொல்வார். கூடவே, மலையடிவாரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருப்பதையும், கன்னடியன் அவற்றில் ஒன்று என்பதையும், இந்தப் பள்ளத்தாக்கில் ராசாக்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு விடை அந்த மதகுகளில் இருப்பதையும் காட்டுவார். தண்ணீர் இல்லாவிட்டால் திருவடிக்கு மலை தாண்டி இங்கே என்ன வேலை?

பத்து நாள் தங்கு என்று சொல்வது யாரைப் பார்த்து? இதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிற இடம். வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கிற மில் தொழிலாளிக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அப்பளம் இடுகிற பெண்ணுக்கும் பத்து நாள் எங்கிருந்து வரும்? விடிவதற்குள் உளுந்தமாவைப் பிசைந்து, உலக்கையால் இடித்து, எண்ணெய் தொட்டு உருட்டி, கிள்ளி, வட்டமாகத் தேய்த்து, வெயில் ஏறுவதற்குள் காயப் போட்டாக வேண்டும். அந்தக் கைகள் செய்ததைத்தான் கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று ஊர் ஊராக விரும்பி வாங்குகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து நவதிருப்பதிக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பஸ் விடுகிறது. ஏறிப் பாருங்கள். பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் வயதான ஆச்சிமார். ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் சேவித்துவிட்டு வருகிறார்கள். தனியாகப் போய்வா என்றால் அவர்களில் பலருக்கு வீட்டுப் படியை விட்டு இறங்கவே வழி இருந்திருக்காது. ஒரு நாள், ஒரு பஸ், தெரிந்த கூட்டம், பொறுப்பான ஓர் ஆள்: இந்த நாலும் சேர்ந்துதான் அவர்களை வெளியே கொண்டுவந்தது. அதை மட்டமான பயணம் என்று சொல்கிறவர், லீவும் பணமும் தனக்கு இருப்பதைப் பயணத்தின் இலக்கணம் ஆக்கிவிடுகிறார்.

கூட்டத்தைக் கூட்டிவந்தால் கோயில் கெட்டுப்போகும், அமைதியாக அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சிலர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஊர்க் குலசேகரமுடையார் கோயிலைக் காட்ட விரும்புகிறேன். 1982-இல் அங்கிருந்து நடராசர் சிலை திருட்டுப் போனது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் அது நின்றது. 2019 செப்டம்பரில்தான் திரும்பி வந்தது. ஊரே திரண்டு வரவேற்றது. திருட்டுப் போனபோது அந்தக் கோயிலில் சுற்றுலாக் கூட்டம் எதுவும் இல்லை, நிறைய அமைதிதான் இருந்தது. யாரும் வராத சந்நிதியில் என்ன இருந்தது, எது காணாமல் போனது என்று கேட்கவும் ஆள் இருக்காது. தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் ஒன்றைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பின்னாளில் இந்த ஆலயத்துக்குக் கேடு வந்தால், அதைச் செப்பனிடுகிறவர் யாராயிருந்தாலும் அவர் காலில் விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. கட்டிய அரசனுக்கே தெரிந்திருந்தது, காப்பாற்றுவது பின்னால் வருகிறவர்கள் கையில் என்று. அவன் தொடங்கிய கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்று, ஊர் கூடி எழுப்பி 1990-இல்தான் குடமுழுக்குக் கண்டது. வந்து பார்த்து, தெரிந்துகொண்டு போகிறவர்களால்தான் இப்படிப்பட்ட காரியம் நடக்கும்.

விவரம் சொல்ல ஆள் இருப்பதால் என்ன வித்தியாசம் வரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. வேணாட்டு மரபில் வந்த திருவிதாங்கூர் அரசர்களின் தலைநகரம் அது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. உள்ளே அங்கங்கே ஆள் நின்று விவரம் சொல்கிறார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அரசன் எங்கே படுத்தான், எங்கே மந்திராலோசனை நடந்தது என்பது தெரிந்துவிடுகிறது. அதே மரபின் முன்னோர் தங்கி ஆண்ட கல்லிடைக்குறிச்சியில், அப்படி ஒரு காலம் இருந்தது என்பது தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். அந்த அரசர்களின் கல்வெட்டுகளைப் படித்துக் காலவரிசை கட்டி 1894-இல் புத்தகமாக்கியவர் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் பெயரில் பல்கலைக்கழகமே இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வரலாறு படிக்கிற பிள்ளைகளில் ஆண்டுக்குப் பத்துப் பேரைப் பழக்கினால் இந்தப் பாதை முழுவதற்கும் வழிகாட்டி கிடைத்துவிடுவார்கள்.

இப்போது ஓடுகிற ஒருநாள் வேன்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குற்றாலத்தில் குளியல், பாவநாசத்தில் ஒரு கும்பிடு, அகத்தியர் அருவியில் படம், மணிமுத்தாறு அணை, இருட்டினதும் திருநெல்வேலியில் அல்வா. கல்லிடைக்குறிச்சியில் வண்டி நின்றால் அப்பளம் வாங்கத்தான். அகத்தியர் அருவியை ஒட்டிய கல்யாண தீர்த்தத்தில்தான் 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர், தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து, மகளோடு தானும் இறந்தார் என்று அந்த வேனில் யாரும் சொல்வதில்லை. அவர் 1922-இல் தொடங்கிய குருகுலம் முதலில் இருந்தது கல்லிடைக்குறிச்சியில்தான். பிறகு சேரன்மகாதேவிக்குப் போனது. அங்கே சாப்பாட்டுப் பந்தியில் சாதி பார்த்ததால் வெடித்த பிரச்சினை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. வழியில் வருகிற கடையம் பாரதியின் மாமனார் ஊர், 1918 முதல் 1920 வரை அவர் இருந்த ஊர். கல்லிடை ஆதிவராகப் பெருமாள் மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகியில் கிருதி செய்திருக்கிறார். இத்தனையும் அதே வேன் போகிற பாதையில்தான் கிடக்கின்றன. கூடுதலாக ஒரு நாள்கூட வேண்டாம். வாய் திறந்து சொல்கிற ஓர் ஆள் இல்லாத குறைதான். அந்தக் குறைக்கு ஒருநாள் பயணத்தைப் பழி சொல்வது அநியாயம்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்துக்கென்று சிறப்புப் பஸ்கள் திருநெல்வேலியிலிருந்து புறப்படுகின்றன. முதல் தலம் பாவநாசம், இரண்டாவது சேரன்மகாதேவி. இரண்டுக்கும் நடுவே கல்லிடைக்குறிச்சியைத் தாண்டாமல் போக முடியாது. பஸ் இருக்கிறது, பாதை இருக்கிறது, டிக்கெட் எடுத்து ஏறுகிற ஜனமும் இருக்கிறது. போக்குவரத்துக் கழகமும் சுற்றுலாத் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டியது இரண்டே காரியம்: கல்வெட்டும் கதையும் தெரிந்த ஓர் ஆளை ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏற்றுங்கள், மார்கழி முடிந்த பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தென்காசியிலிருந்து களக்காட்டுக்கு, திருப்புடைமருதூர் வழியாக, அதே மாதிரி ஒரு பஸ் விடுங்கள். வாசகர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. பத்து நாள் லீவு கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விவரம் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு, குருக்களுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டு, வாருங்கள்.